ஐந்து விநாடியும் சில வாரமும்

(மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் பெற்றோர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டெட்டி ரைடர் என்ற சிறுவனிடமிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிள்ளை. 1920இல், நான்கு வயதில், அவனுக்கு நீரிழிவு கண்டது. இன்சுலின் என்ற மருந்தே உலகத்தில் இல்லாத காலம் அது. மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி பட்டினி. ரொட்டி, பழம், பால் எல்லாவற்றையும் குறைத்து, வேகவைத்த காய்கறியையும் முட்டையையும் அளந்து அளந்து கொடுப்பார்கள். சாவைச் சில மாதம், சிலருக்கு ஓரிரு ஆண்டு தள்ளிப்போட அது உதவியது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. 1922இன் நடுவில் டெட்டிக்கு ஐந்து வயது, எடை ஏறக்குறைய 12 கிலோ. இரண்டு வயதுக் குழந்தைக்கு இருக்கவேண்டிய எடை.

டெட்டியின் உறவினர் ஒருவர் மருத்துவர். கனடாவின் டொரோண்டோ நகரில் ஃபிரெடரிக் பான்டிங்கும் அவருடைய கூட்டாளிகளும் புதிய மருந்தொன்றைக் கண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையனை அழைத்துவரலாமா என்று கேட்டார். பான்டிங்கிடம் மருந்து போதுமான அளவு இல்லை. செப்டம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். செப்டம்பரில் டெட்டி உயிரோடு இருக்கமாட்டான் என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் பான்டிங் இளகினார். ஜூலையில் தாயும் மகனும் டொரோண்டோ போய்ச் சேர்ந்தார்கள். முதல் ஊசி போடப்பட்டது.

நூறாண்டுக்கு முந்தைய ஒரு வெளிநாட்டுப் பிள்ளையின் கதை இங்கே எதற்கு என்று தோன்றலாம். காத்திருக்கலாம், காத்திருக்க முடியாது என்ற இரண்டையும் பிரித்தறிந்த ஒரு பெரியவர் அந்தக் கதையில் இருக்கிறார். டெட்டி பிழைத்தது அதனால்தான். இன்று சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டில், பிள்ளைக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், அந்த வீட்டாருக்கும் முதலில் தேவைப்படுவது அதே பகுத்தறிவுதான்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அடுக்குமாடியில் எட்டாவது மாடி. ஐந்து வயது மகள், பாலர் பள்ளிக்குப் போகிறாள். இரண்டு வாரமாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 'வெயில் அப்படி அடிக்குது, பிள்ளைக்குச் சூடு பிடிச்சிருக்கு' என்கிறார் பாட்டி. பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடுக்கிறார். பிள்ளை இன்னும் வேண்டும் என்கிறாள். சிராப் கலக்கிக் கொடுக்கிறார்கள், பெரிய குவளையில் மைலோ கொடுக்கிறார்கள். மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்தியவள் மறுபடியும் நனைக்கிறாள். 'தம்பி பிறந்ததிலிருந்து அடம்' என்கிறது வீடு. பள்ளிச் சீருடை இடுப்பில் தொளதொளக்கிறது. 'உயரமாகிறாள், அதான் மெலியிறா' என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஒவ்வொரு விளக்கமும் தனியே பார்த்தால் நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க யாராவது ஒருவர் வேண்டியிருக்கிறது.

அதிக தாகம், அதிக சிறுநீர், மெலிவு, சோர்வு. குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவின் நான்கு அடையாளங்கள் இவைதாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று எண்ணித் தாக்கி அழிக்கிறது. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி ஏராளமாக இருந்தும் செல்லுக்குள் போக வழியில்லை. தேங்கிய சீனியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம். அந்தத் தாகத்துக்குச் சிராப்பும் மைலோவும் கொடுத்தால் சீனி மேலும் ஏறும், தாகமும் மேலும் ஏறும்.

நீரிழிவு என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். நீர் வழிந்து போகும் நோய். மானக்கேடு என்ற பொருள் அதில் துளியும் இல்லை. மலாய்க்காரர் 'கென்சிங் மானிஸ்' என்பதும் இங்குள்ள தமிழர் 'இனிப்பு நீர்' என்பதும் ஒரே விஷயம். கழிவறையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயைக் கண்டுகொண்டவர்கள் நம் முன்னோர். பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் காலத்து மருத்துவமே அதைக் குறித்து வைத்திருக்கிறது. இன்றும் ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு கிளினிக்குக்குப் போனால் தவறே இல்லை.

இனி, காத்திருக்கக் கூடாத இடம்.

இந்த நான்கு அடையாளங்களும் உள்ள பிள்ளைக்கு, 'நாளை வெறும் வயிற்றில் வாங்க, இரத்தம் எடுக்கலாம், மூன்று நாளில் ரிப்போர்ட் வரும்' என்று யார் சொன்னாலும் பெற்றோர் ஒத்துக்கொள்ளக் கூடாது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், ஐந்து விநாடி. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் பார்க்கலாம். அடையாளங்கள் இருக்கும்போது எந்த நேரத்திலும் 11.1 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பதே உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. தமிழ்நாட்டு உறவினரோடு பேசும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அங்கே மில்லிகிராமில் சொல்வார்கள். இந்த நாட்டு எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும், 11.1 என்பது அவர்களுக்கு 200. 'எங்கப்பாவுக்கே 180 இருக்கு, 15க்கா பயப்படுறீங்க?' என்று வாட்ஸ்அப்பில் ஆறுதல் சொல்லும் அத்தை, 15 என்பது தன் கணக்கில் 270 என்று அறியாமல்தான் சொல்கிறார்.

இங்குள்ள பல இந்தியர் வீடுகளில் சீனி பார்க்கும் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. தாத்தாவுடையது. அதைப் பிள்ளைக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்தலாம், சில நிபந்தனைகளோடு. ஊசி புதியதாக இருக்கவேண்டும். சோதனைப் பட்டையின் தேதி முடிந்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் கை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவித் துடைத்ததாக இருக்கவேண்டும். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரித்தவர்களின் விரலில் சோதித்துப் பார்த்தார்கள். உடம்பில் சீனி சரியாக இருந்தும் மெஷின் மிக அதிகமாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அது போகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகே சரியான எண் வந்தது. ரம்புத்தான் உரித்த விரல் ஒரு குடும்பத்தின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிட முடியும். ஆனால் கழுவிய விரலிலும் எண் அதிகமாக இருந்தால் மூன்றாவது, நான்காவது முறை குத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் எச், ஐ என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தால், சீனி மெஷினால் அளக்க முடியாத உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பல மெஷின்களில் அது 33க்கு மேல். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டிய நேரம் அது.

மெஷின் காட்டும் எண் குறைவாக இருந்தாலும், பிள்ளைக்கு வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினால், வாயில் அழுகிய பழ வாசனை வீசினால், எழுப்பினால் சரியாக எழாவிட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை தாண்டிவிட்டது. 999க்கு அழைக்கலாம், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போகலாம். சாலாக் செலாத்தானிலிருந்து எல்ஆர்டி ரயில் வழியில் அடுத்த நிலையம் பண்டார் துன் ரசாக். அந்த வட்டாரத்தில்தான் மக்கள் இன்னும் எச்.யு.கே.எம். என்று பழைய பெயரால் அழைக்கும் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூர் நகருக்குள் துங்கு அசிசா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே கட்டப்பட்டது. கிள்ளான்காரர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா. இரவு இரண்டு மணிக்கும் இவற்றின் அவசரப் பிரிவுகள் திறந்திருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவில் நீரிழிவு கண்ட குழந்தைகளின் தேசியப் பதிவேடு 2006 வாக்கில் தொடங்கியது. அதன் முதல் சில ஆண்டுத் தகவல்களின்படி, முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே கீட்டோ அமில நிலையில் இருந்தார்கள். சீனியைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதில் பிறக்கும் கீட்டோன்களால் இரத்தமே அமிலமாகிப் போகும் நிலை அது. உயிருக்கு ஆபத்தானது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக் குழந்தை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கூடுதலாக ஒன்றைச் சொன்னது. அங்கே வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு, முதலில் பார்த்த இடத்தில் நோய் வேறு என்று சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலும் சளி, இருமல், மூச்சு சம்பந்தமான நோய்; சிலருக்கு வயிற்றுக் கோளாறு.

ஏன் மூச்சு நோய்? அமிலமான இரத்தத்தைச் சரிசெய்ய நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியேற்றப் பார்க்கிறது. பிள்ளை ஓடிவந்ததுபோல் மூச்சு வாங்குகிறாள். ஆஸ்துமா என்று நினைத்து நெபுலைசர் வைக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் புகைமூட்டமும் ஆஸ்துமாவும் அன்றாடம். காய்ச்சல், சோர்வு என்றால் எல்லார் மனதும் முதலில் டெங்கிக்குத்தான் போகும். மருத்துவரைக் குறைசொல்லி இதில் பயனில்லை. ஒரு நாளில் அறுபது சளிப் பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவரிடம், 'டாக்டர், இரண்டு வாரமாகத் தண்ணி நிறையக் குடிக்கிறாள், படுக்கையை நனைக்கிறாள், ஒருமுறை விரலில் சீனி பார்த்துவிடுங்கள்' என்று தாயோ தகப்பனோ சொல்லிவிட்டால் கதை மாறிவிடும். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இத்தாலியில் பார்மா என்றொரு ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்த குழந்தை மருத்துவர் மவுரிசியோ வனெல்லியும் அவர் குழுவும் ஒரு சுவரொட்டி அச்சிட்டு, வட்டாரப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் ஒட்டினார்கள். பெரிய விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை. வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், நனைக்காத படுக்கையை மறுபடி நனைக்கும் பிள்ளையைக் கவனியுங்கள் என்பதுதான் செய்தி. அதற்கு முன் அந்த வட்டாரத்தில் புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர் அமில நிலையில் வந்து சேர்ந்தார்கள். சுவரொட்டிக்குப் பிந்திய ஆண்டுகளில் அது 12.5 விழுக்காடாக இறங்கியது. 1999இல் இதை வெளியிட்டார்கள். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அச்சிட்டு, பாலர் பள்ளிகளின் கழிவறைக் கதவில் ஒட்டினால், பிள்ளை எத்தனை முறை போகிறாள் என்பதை முதலில் அறியும் ஆசிரியையின் கண்ணில்தான் அது படும். தண்ணீர்ப் போத்தலை மூன்றாவது முறை நிரப்பித் தருபவரும் அவர்தான்.

இனி வேறு விதமான காத்திருப்பு. இதில் பொறுமைக்கு வேலை உண்டு.

பிள்ளைக்குக் காய்ச்சலுக்காக இரத்தம் எடுத்தார்கள். சீனி 9 என்று வந்தது. அடையாளம் ஒன்றும் இல்லை. அல்லது சிறுநீரில் சீனி தெரிந்தது, இரத்தத்தில் சரியாக இருக்கிறது. அல்லது அண்ணனுக்கு முதல் வகை நீரிழிவு. தங்கைக்கும் வருமா என்று பார்க்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் 'மேலும் சில டெஸ்ட் அனுப்பியிருக்கோம்' என்று ஒரு சொல் வந்து விழுகிறது. அதற்குப் பிறகு வரும் நாட்கள் மிகவும் நீளமானவை.

என்னென்ன அனுப்பினார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுத்த இரத்தம் சீனிக்கு. இரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே சீனியைத் தின்றுவிடாமல் தடுக்க அதில் ஒரு மருந்து இருக்கிறது. இதன் முடிவு அன்றே வரும். ஊதா மூடிக் குழாய் எச்பிஏ1சிக்கு. ஏறக்குறைய மூன்று மாதச் சீனியின் சராசரி. 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஆனால் குழந்தைகளிடம் நோய் சில வாரத்திலேயே முற்றிவிடக்கூடியது என்பதால், இந்தச் சராசரி நல்லபடியாக வந்ததை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. தலசீமியா போன்ற இரத்தக் குறைகள் மலேசியாவில் பரவலாக இருப்பதால் அவையும் இந்த எண்ணைத் தடுமாற வைக்கும். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.

தாமதமாக வருவது எதிர்ப்பொருள் பரிசோதனை. கணையத்தின் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருட்கள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. எல்லாப் பரிசோதனைக் கூடங்களிலும் இதைச் செய்வதில்லை, அனுப்பி வாங்கவேண்டும், சில வாரம் ஆகும். இந்தச் சில வாரத்தில் அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னால் உண்மையிலேயே அவசரமில்லை. அவசரம் என்றால் அந்த முதல் நாளே வார்டில் சேர்த்திருப்பார்கள். இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு எதிர்ப்பொருள் முடிவு வரும்வரை யாரும் இன்சுலினை நிறுத்தி வைப்பதில்லை. பெற்றோர் இரவில் விழித்துக்கொண்டு யோசிக்கும்போது பற்றிக்கொள்ள இது ஓர் உறுதியான கைப்பிடி.

நல்ல செய்தியோடு முடியும் சந்தேகங்கள் நிறைய உண்டு. கடுமையான காய்ச்சலில் உடம்பு தானே சீனியை ஏற்றும், குணமானதும் இறங்கிவிடும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் சல்பியூட்டமாலும் கூட ஏற்றும். சிலருக்குச் சிறுநீரகம் சீனியைக் கொஞ்சம் கசியவிடும் பிறவி இயல்பு இருக்கிறது. தொல்லை ஒன்றும் செய்யாது. உடன்பிறந்தவருக்கு முதல் வகை இருந்தாலும் மற்றப் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. பத்தொன்பது வீடுகளில் அந்தப் பயம் பலிப்பதில்லை.

இன்னோர் அபூர்வ நிலையும் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்டால் அது பெரும்பாலும் மரபணு ஒன்றின் பிழை. 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். அந்தப் பிழை உள்ள குழந்தைகள் பலருக்கு ஊசியே வேண்டாம், மாத்திரை போதும். சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வு நிறுவனம் இந்தியக் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து, அப்படிப் பலரை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறது. கைக்குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள் என்றால் அது கதவைத் திறக்கும் பரிசோதனை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

காத்திருக்கும் வீட்டில் சமையலறைதான் முதலில் கலங்கிப்போகும். சீனி டப்பா ஒளிந்துகொள்ளும். பிள்ளையின் தட்டில் சோறு பாதியாகும். பாட்டி பாகற்காய்ச் சாறு பிழிவார். யாரோ வெந்தயம் ஊறவைப்பார். யாரோ தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பார். கொடுக்கக் கூடாது, அந்த மாத்திரை பிள்ளையைத் தாழ் சீனியில் தள்ளி மயங்க வைக்கலாம், முதல் வகைக்கு அது பயன்படுவதும் இல்லை. சாப்பாட்டைக் குறைப்பதும் தவறு. குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து எடுக்கும் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் பிள்ளை வழக்கம்போல் சோறு, ரொட்டி எல்லாம் சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி போட்டால் முடிவே தப்பாக வரும். நிறுத்தவேண்டியது சிராப், போத்தல் பானம், சீனி கலந்த பெரிய குவளைகள் மட்டும். அதைப் பிள்ளைக்கு மட்டும் நிறுத்தாமல் வீட்டில் எல்லாருக்கும் நிறுத்திவிட்டால் அவளுக்கு அது தண்டனையாகத் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர். தண்ணீரை மட்டும் ஒருபோதும் தடுக்கக் கூடாது.

மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை குத்தும் தகப்பன்மாரும் உண்டு. அன்பினால்தான். ஆனாலும் ஐந்து வயது விரலுக்கு அது வலி, வீட்டுக்குப் பதற்றம். எப்போது பார்க்கவேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்கவேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்கவேண்டும் என்ற மூன்றையும் மருத்துவரிடமோ தாதியிடமோ ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். பாட்டிக்கும் புரியும் மொழியில். ஒரு நோட்டில் தண்ணீர், சிறுநீர், எடை, சாப்பாடு என்று நாளுக்கு ஒரு வரி. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது நினைவை நம்பிப் பேசவேண்டியதில்லை.

இந்த வாரங்களில் வீட்டுக்குள் பேசப்படும் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்றில் ஒருவர். 2023இல் நாட்டு எண் 15.6 ஆனது, ஆறில் ஒருவர். இந்த எண்களுக்கு நம் வீடுகளில் முகம் உண்டு. கால் விரலை இழந்த மாமா, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் சித்தி, கண் மங்கிய தாத்தா. அதனால் மருத்துவர் வாயிலிருந்து இனிப்பு நீர் என்ற சொல் வந்ததும் தாய்க்கு அந்த முகங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. ஐந்து வயது மகளின் காலைப் பார்க்கிறார்.

இரண்டும் வேறு நோய்கள். பெரியவர்களுக்கு வருவது இரண்டாம் வகை: இன்சுலின் இருக்கிறது, உடம்பு அதற்குச் சரியாக இணங்குவதில்லை. பருமனும் பரம்பரையும் உணவும் அதில் பங்கு வகிக்கின்றன. அது பதின்ம வயதினருக்கும் வரத் தொடங்கியிருக்கிறது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கும் பருமனான பிள்ளைகளைக் கவனிக்கத்தான் வேண்டும். ஐந்து வயதில் அது மிக அபூர்வம். சிறு குழந்தைக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. மிட்டாய் தின்றதால் அது வருவதில்லை. தீபாவளிக்கு முறுக்கோடு இனிப்பும் கேக்கும் தின்றதால் வருவதில்லை. கர்ப்பத்தில் தாய் இனிப்புச் சாப்பிட்டதால் வருவதில்லை. 'டின் பால் ஊத்தி ஊத்திக் கொடுத்தது நீதானே' என்று மாமியார் மருமகளையும், 'உங்க பரம்பரையில்தான் இருக்கு' என்று மருமகள் மாமியாரையும் குத்திக்கொள்ளும் வீடுகளில், மெத்தையில் தூங்குவதுபோல் படுத்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக முடிவு செய்கிறாள். குழந்தை மனம் அப்படித்தான் கணக்குப் போடும்.

அவளிடம் என்ன சொல்லலாம்? 'உன் உடம்பில் சீனி எப்படி இருக்குன்னு டாக்டர் பார்க்கிறாங்க. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. தெரிஞ்சதும் உன்கிட்டச் சொல்றோம்.' இது போதும். 'ஊசி வலிக்குமா?' என்று கேட்டால் கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும் என்று உள்ளதைச் சொல்லலாம். வலிக்காது என்று சொல்லி ஏமாற்றினால் அடுத்த ஊசிக்கு அவள் நம்பமாட்டாள். தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு இருக்கிறதா என்று தாதியிடம் கேட்கலாம். விரல் நுனியின் நடுவைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பாலர் பள்ளி ஆசிரியையிடமும் சொல்லி வைக்கவேண்டும். கேட்டதும் கழிவறைக்கு விடவேண்டும், தண்ணீரைத் தடுக்கக் கூடாது, வாந்தி எடுத்தால் உடனே அழைக்கவேண்டும்.

பெற்றோர் தங்களுக்கும் ஒன்று செய்துகொள்ளவேண்டும். கைப்பேசியில் தேடுவதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது, அதுவும் பகலில். இரவில் தூங்குவது. கேள்விகளை எழுதி வைப்பது. சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லவேண்டியதில்லை. விஷயத்தைத் தாங்கிக்கொண்டு பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வீட்டுக்குச் சொன்னால் போதும். பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தி வீடு இருந்தால், சாலாக் செலாத்தானிலிருந்து கேடிஎம் ரயிலில் செபுத்தே, மிட்வேலி தாண்டினால் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல்தான். தாய் ஒரு மாலைப் பொழுது அங்கே போய் அழுதுவிட்டு வருவதும் தேவைதான்.

முடிவு வரும். எதிர்ப்பொருள் இல்லை, சீனி சரியாகிவிட்டது என்றால் மருத்துவர் மறுபடி எப்போது பார்க்கவேண்டும் என்று சொல்வார். எதிர்ப்பொருள் இருக்கிறது, சீனி இன்னும் நோய் அளவுக்கு ஏறவில்லை என்றும் வரலாம்.  இந்த நிலையை இப்போது முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். 2022 நவம்பரில் அமெரிக்கா, இரண்டாம் கட்டத்தில் இருக்கும் எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நோயை ஏறக்குறைய இரண்டாண்டு தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. 2023இல் இத்தாலி எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த எதிர்ப்பொருளைச் சோதிக்கச் சட்டமே போட்டது. பார்மா சுவரொட்டியின் நாடு அது.

முதல் வகைதான் என்று வந்தால், அன்றைக்கே இன்சுலின் தொடங்கும். சில நாள் வார்டில் தங்கி, ஊசி போடவும், சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கணக்கிடவும், தாழ் சீனியைச் சமாளிக்கவும் தாய் தகப்பனுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் ஊசிக்கு நடுங்கும் தகப்பனின் கை பத்தாவது ஊசிக்கு நடுங்காது. அரசாங்க மருத்துவமனையில் இன்சுலின் கிடைக்கிறது. சோதனைப் பட்டைகளுக்கும் சீனி அளக்கும் சென்சாருக்கும் பல குடும்பங்கள் கைக்காசு போடவேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது, மாறவேண்டியது. பிள்ளை நாசி லெமாக்கும் சாப்பிடலாம், பிறந்தநாள் கேக்கும் சாப்பிடலாம், அதற்கேற்ற ஊசியோடு. விளையாடலாம். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் நீரிழிவு கண்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 உலகக் கோப்பைவரை வேகப்பந்து வீசி, ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டைத் தாண்டினார்.

டெட்டி ரைடரும் அப்படித்தான். இன்சுலின் தொடங்கிய சில மாதங்களிலேயே எலும்புக்கூடாக இருந்தவன் உருண்டு திரண்டான். பிறகு பான்டிங்குக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினான். டொரோண்டோ பல்கலைக்கழக நூலகம் இன்றும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. தன்னைப் பார்க்க வரவேண்டும் என்று மருத்துவரை அழைக்கிறான். தான் இப்போது குண்டுப் பையன் என்றும், நன்றாக இருப்பதாகவும், மரம் ஏறத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறான். செப்டம்பரைப் பார்க்கமாட்டான் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளை 1993இல், 76ஆவது வயதில்தான் இறந்தார். எழுபத்தோராண்டு, நாள் தவறாமல், ஊசியோடு.